எழுதப்படாத ஒப்பந்தம்

நிலம் வாங்குகிறவன் நான்கெல்லை கேட்கிறான். வில்லங்கச் சான்று பார்க்கிறான். மூலப்பத்திரம் எங்கே என்று முகத்துக்கு நேரே வினவுகிறான். விற்கிறவன் அதைக் கேட்டுச் சினங்கொள்வதில்லை, "என்மீது நம்பிக்கை இல்லையா?" என்று கண்கலங்குவதும் இல்லை. குரோம்பேட்டையில் இரண்டு அறை கொண்ட வீடொன்றை 11 மாத வாடகைக்கு எடுக்கிறவன்கூட, முன்பணம் எவ்வளவு, வெள்ளையடிக்கும் செலவு யாருடையது, தண்ணீர் மோட்டாரின் மின்கட்டணம் யார் கணக்கில் என்று மூன்று பக்கம் எழுதிக் கையொப்பமிடுகிறான். நம்பிக்கை இல்லாததால் அன்று. இன்றுள்ள நம்பிக்கை நாளையும் நிலைக்கவேண்டும் என்பதற்காக!

11 மாதத்துக்கு இத்தனை எழுத்து. ஆயுள் முழுதும் ஒரே கூரையின்கீழ் வாழப்போகும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே எழுத்து எங்கே? மண்டபத்துக்கு ஒப்பந்தம் உண்டு. சமையற்காரருக்கு முன்பணச் சீட்டு உண்டு. நிழற்படக்காரரிடம் ரசீது உண்டு. மணமக்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை! ஏன் இல்லை என்று கேட்டால், "திருமணம் என்ன வியாபாரமா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

வியாபாரம் அன்று என்று வீறாப்புப் பேசுவோரின் வீட்டில், நிச்சயதார்த்தத்துக்கு முன்னே நடக்கும் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? இத்தனை சவரன், இன்ன வண்டி, இந்தச் செலவு பெண்வீட்டார் தலையில் என்று பேரம் படிகிறது. அது திருமணத்துக்கு முன் செய்யப்படும் ஒப்பந்தம் இல்லாமல் வேறென்ன? 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, அத்தகைய ஒப்பந்தம் அறவே செல்லாது என்று கூறுகிறது. ஆனால், சட்டம் செல்லாது என்ற அந்த ஒப்பந்தம் சவரன் குறையாமல் நிறைவேறுகிறது! வீடு இருவர் பெயரில், வேலை இருவர் உரிமையில், சேமிப்பு இருவர் பங்கில் என்று பேசினாலோ, "சட்டப்படி செல்லுமா?" என்ற ஐயம் சபையில் எழுந்துவிடுகிறது. அநீதிக்கு எழுத்து வேண்டாம், வாக்கே போதும். நீதிக்கு மட்டும் முத்திரைத்தாள் வேண்டுமாம்!

தாம்பரத்தில், சார்பதிவாளர் அலுவலகத்தை நம்பிப் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். முடிச்சூரிலும் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் வயலாக இருந்தவை மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகிய கதையை என் பேனா அறியும். கிரயம், அடைமானம், தானசெட்டில்மெண்டு, பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் எல்லாம் எழுதியிருக்கிறேன். சென்ற ஆண்டு, எவரும் இதுவரை கேளாத பத்திரம் ஒன்றை எழுதித்தரக் கேட்டு இளைஞர் இருவர் வந்தனர். பெண், ஏற்றுமதி வளாகத்தில் ஒரு தொழிற்சாலையில் கணக்கர். ஆண், மறைமலைநகரில் ஓர் ஆலையில் பணியாளர். அடுத்த மாதம் தங்களுக்குச் சீர்திருத்தத் திருமணம் என்றும், அதற்குமுன் ஆறு விதிகளை எழுதிப் பதிவு செய்யவேண்டும் என்றும் கூறினர்.

"ஐயா, வாழ்க்கை ஒப்பந்த விழா என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறோம். ஒப்பந்தம் எங்கே என்று யாராவது கேட்டால் காட்டவேண்டாமா?" என்றாள் அந்தப் பெண். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். ஆனால் அது என்னைப் பல நாள் விடவில்லை.

வாழ்க்கை ஒப்பந்தம் — இந்தச் சொல்லுக்கு நம் இயக்கம் கொடுத்த விலை சிறிதன்று. 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், பெரியார் முன்னிலையில், புரோகிதர் இன்றி, புரியாத மந்திரம் இன்றி ஒரு திருமணம் நடந்தது. தாம்பரத்தில் மின்தொடர் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செங்கற்பட்டை அடையலாம். அங்கேதான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாநாடு கூடி, பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. மணம் என்பது விண்ணில் எழுதப்பட்ட விதி அன்று, மண்ணில் இருவர் மனமொத்துச் செய்யும் உடன்பாடு என்பதே இவ்விரண்டின் சாரம்.

நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1934-இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணத்தைப் பற்றிய வழக்கில், தெய்வானை ஆச்சி – சிதம்பரம் செட்டியார் வழக்கு என்று 1954-இல் சட்ட ஏடுகளில் வெளியான தீர்ப்பில், சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மணம் செல்லாது என்று உரைத்தது. சாத்திரமும் இல்லை, தொன்றுதொட்ட வழக்கமும் இல்லை என்பதே காரணம். எத்தனை இல்லங்களில் இடி விழுந்திருக்கும்! எத்தனை பிள்ளைகளின் பிறப்புரிமை ஐயத்துக்கு ஆளாகியிருக்கும்! ஆயினும் மக்கள் அஞ்சினார்களா? மாலை மாற்றுவதை நிறுத்தினார்களா? இல்லை. 1967-இல் அண்ணா முதலமைச்சரானார். அவ்வாண்டே இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில், இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரிந்த மொழியில் கூறலாம், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றலாம், அல்லது தாலி கட்டலாம், மணம் செல்லும். அதுமட்டுமன்று, முன்னர் நடந்த அத்தகைய திருமணங்களும் செல்லும் என்று சட்டம் பின்னோக்கியும் கை நீட்டி அணைத்துக்கொண்டது.

ஆக, ஒப்பந்தம் செய்யும் முறைக்கு உரிமை வென்றோம். ஒப்பந்தத்தின் விதிகளுக்கு? அங்கேதான் கதவு இன்னும் சாத்தியிருக்கிறது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பொதுக்கொள்கைக்கு மாறான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. திருமணத்துக்கு முன் எழுதும் உடன்பாடுகள் பெரும்பாலும் இந்தப் பாறையில்தான் மோதி உடைகின்றன. 1901-இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மணமகன், மணமுடித்தபின் மனைவியின் தாய்வீட்டிலேயே வாழ்வதாக முன்னரே எழுதிக்கொடுத்திருந்தான். பின்னர் மனம் மாறி, மனைவி தன்னோடு வரவேண்டும் என்று வழக்குத் தொடுத்தான். கணவன் இருக்குமிடமே மனைவிக்கு இடம். அதை மாற்றும் ஒப்பந்தம் இந்துச் சட்டத்துக்கும் பொதுக்கொள்கைக்கும் முரண் என்று அவன் எழுதிய எழுத்தைத் தள்ளிவிட்டார்கள். 1972-இல் வெளியான ஒரு தீர்ப்பில், சம்மு காசுமீர் உயர்நீதிமன்றம், இசுலாமியத் தம்பதியர்க்கிடையே ஏறத்தாழ இதே போன்ற நிபந்தனையைப் பொதுக்கொள்கைக்கு மாறானது அன்று என்று ஏற்றது. இசுலாமியத் திருமணம் ஒப்பந்தம். இந்துத் திருமணம் சமஸ்காரம் — இதுவே வேறுபாட்டின் வேர்.

சமஸ்காரம் என்றால் பிரிவே கூடாதன்றோ? 1955-ஆம் ஆண்டுச் சட்டம் மணவிலக்கை வழங்கிவிட்டது. 1976-இல் அதில் 13-பி என்னும் பிரிவைச் சேர்த்து, இருவரும் உடன்பட்டே பிரியலாம் என்றும் வழி செய்தது. அந்த உடன்பாட்டில் நகை யாருக்கு, பணம் எவ்வளவு, குழந்தை யாரிடம் என்று எழுதி இருவரும் கையொப்பமிடுகிறார்கள். நீதிமன்றமும் அதை ஏற்றுப் பதிவு செய்கிறது. பிரிகிற நாளில் எழுதலாமாம். சேர்கிற நாளில் எழுதக் கூடாதாம்! கசப்பில் கையெழுத்திடுவது முறை. அன்பில் கையெழுத்திடுவது பொதுக்கொள்கைக்கு விரோதம்! இந்த விந்தையை என்னென்பது?

அந்த இளைஞர் கொணர்ந்த ஆறு விதிகளையும் எடுத்துக்கொண்டு, செங்கற்பட்டில் தொழில் நடத்தும் வழக்குரைஞர் அம்மையார் ஒருவரைக் கலந்தேன். முத்திரைத்தாளில் எழுதிவிட்டால் எதுவும் செல்லும் என்று நம் மக்கள் எண்ணுகிறார்கள். தாள் செல்வதற்குத் தாள் காரணம் அன்று. அதில் உள்ள பொருளே காரணம் என்று அவர் விளக்கினார்.

முதல் விதி: மணத்தின்போது பெண்ணுக்கு வந்த நகையும் பொருளும் அவளுடையவை. இது செல்லும். 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம், சீதனம் பெண்ணின் தனிச்சொத்து, கணவன் வீட்டில் இருப்பதால் அது கூட்டுச் சொத்தாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நடுவண் அரசு வகுத்த விதிகளின்படி, மணமக்களுக்கு வந்த அன்பளிப்புகளை என்ன பொருள், ஏறத்தாழ என்ன மதிப்பு, யார் கொடுத்தது, என்ன உறவு என்று பட்டியலிட்டு, மணமக்கள் இருவரும் கையொப்பமிட வேண்டும். சட்டமே எழுது என்று கட்டளையிடும் திருமண ஆவணம் இது. எத்தனை மண்டபங்களில் இதை எழுதுகிறார்கள்? மொய்ப்பணம் எழுத நோட்டும் ஆளும் இருக்கிறார்கள். இதை எழுத ஆள் இல்லை!

இரண்டாம் விதி: இனி வாங்கும் வீடு இருவருக்கும் சரிபாதி. வாக்குறுதியாக எழுதிவைத்தால் அதன் வலிமை ஐயத்துக்குரியது. ஆனால், வாங்கும் நாளில் கிரயப்பத்திரத்திலேயே இருவர் பெயரும் பங்கும் ஏறினால் அசைக்க முடியாது. மூன்றாம் விதி: பெண் வேலையை விடுமாறு எவரும் வற்புறுத்தலாகாது, இரு தரத்துப் பெற்றோரையும் இருவரும் காக்கவேண்டும். இதை எந்த நீதிமன்றமும் ஆணையிட்டு நிறைவேற்றாது. ஆயினும், பின்னாளில் வழக்கு வருமாயின், இருவர் எண்ணமும் யாது என்பதற்கு அந்த எழுத்து ஒரு சான்றாக நிற்கக்கூடும். நான்காம் விதி: எவர் பெற்றோர் வீட்டிலும் வாழாமல் தனிக்குடித்தனம் நடத்துவது. 1901-இன் நிழல் இதன்மேல் இன்னும் விழுகிறது. ஐந்தாம் விதி: பிள்ளைகள் பற்றியது. தாய் தந்தை என்ன எழுதினாலும், பிள்ளையின் நலனே முதன்மை என்று 1956-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் கூறுகிறது. அதில் எனக்கும் உடன்பாடே.

ஆறாம் விதி மணமகனின் தாய்மாமன் சேர்த்தது. "மாப்பிள்ளை, நாளைக்குப் பிரிவு வந்தால் ஜீவனாம்சம் கேட்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொள்" என்றாராம். அது செல்லாது. வறுமையில் விடப்பட்ட மனைவி பராமரிப்புக் கேட்கும் உரிமை, 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்து, 2024 சூலை முதல் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அதை முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. சட்டத்தின் மறுப்பு இங்கே முழு நியாயம்! மணமேடை ஏறும் பெண், மறுத்தால் மணம் நின்றுவிடுமோ என்ற அச்சத்தோடு எதிலும் கையொப்பமிடுவாள். எழுத்து எல்லாவற்றையும் செல்லும் என்று ஆக்கிவிட்டால், வலியவன் எழுதுவான், எளியவள் கையெழுத்திடுவாள். அடிமைத்தனத்துக்கு முத்திரை குத்திய கதையாக முடியும். ஆகவே, எல்லா ஒப்பந்தமும் செல்லட்டும் என்பதன்று நம் கோரிக்கை. சமத்துவத்தைச் சேர்க்கும் விதி செல்லவேண்டும். உரிமையைப் பறிக்கும் விதி வீழவேண்டும். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிப் பொதுக்கொள்கை என்ற கிணற்றில் போடலாகாது.

அந்த இளம்பெண் இவ்வளவு பிடிவாதமாக எழுத்தைக் கேட்டதற்குக் காரணம், அவள் அக்காள். பல்லாவரத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, 11 ஆண்டுகள் ஆசிரியையாக உழைத்தவள். அவள் சம்பளம் அரிசிக்கும் பருப்புக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் மாமியாரின் மருந்துக்கும் போயிற்று. கணவன் சம்பளம் வீட்டுக்கடன் தவணைக்குப் போயிற்று. வீடு அவன் பெயரில். மனம் முறிந்து வெளியேறிய நாளில் கணக்குப் பார்த்தார்கள். தவணைக்கு வங்கியில் சான்று இருந்தது; அரிசிக்குச் சான்று இல்லை! இருவர் உழைப்பில் எழுந்த வீட்டில் ஒருவர் பெயரே சுவரில் நின்றது. அவள் இன்று தங்கையோடு ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். "எங்கள் இருவருக்கும் அன்பு இருந்தது ஐயா. அதனால்தான் எதையும் எழுதவில்லை" என்று அவள் என்னிடம் கூறினாள். அந்தச் சொல்லுக்கு மறுமொழி சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

இது ஓர் அக்காளின் கதை மட்டுமன்று. மணத்துக்குப்பின் தேடும் சொத்து இருவர்க்கும் உரியது என்று நம் சட்டம் பொதுவாகச் சொல்வதில்லை. பத்திரத்தில் பெயருள்ளவரே உரிமையாளர். இந்துத் திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவோ, திருமணத்தை ஒட்டி அளிக்கப்பட்டு இருவர்க்கும் பொதுவான பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. 2023 சூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், வெளிநாட்டில் ஈட்டிய கணவனின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் காத்த மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று கூறியது. வரவேற்போம். ஆனால் முதுமையெய்தியபின் வழக்காடிப் பெறுவதைவிட, இளமையில் எழுதிப் பெறுவது எளிதன்றோ?

"இதெல்லாம் மேனாட்டு நாகரிகம்" என்பார் சிலர். யாழ்ப்பாணத் தமிழரைக் கேளுங்கள். 1707-இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தில், முன்னோர் வழி வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், மணவாழ்வில் தேடியது தேடியதேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பகுத்தார்கள். சீதன உறுதி எழுதி மகளுக்கு நிலம் கொடுக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. மனைவி தன் நிலத்தை விற்கவும் கணவன் ஒப்புதல் வேண்டும் என்ற குறை அதில் உண்டு. அதை நாம் போற்றவில்லை. ஆனால் இருவரும் தேடியதற்குத் தனிப்பெயர் வைத்த மொழி நம் மொழி என்பதை மறக்கலாமா? கோவாவைப் பாருங்கள். போர்த்துக்கீசியர் 1961-இல் போயினர். அவர்களுடைய 1867-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் குடும்பப் பகுதி அங்கே நிலைத்திருக்கிறது. மணத்துக்கு முன் பதிவு செய்த ஆவணம் எழுதிச் சொத்து முறையை மணமக்களே தேர்ந்தெடுக்கலாம். எழுதாவிடின் சொத்து இருவர்க்கும் பொது. இந்தியாவுக்குள்ளேயே இது நடக்கிறது; பொதுக்கொள்கை இடிந்து விழவில்லை! இங்கிலாந்தின் உச்சநீதிமன்றமும் 2010-இல் ராட்மாக்கர் வழக்கில், இருவரும் உணர்ந்து, தம் விருப்பில் செய்த மண உடன்பாட்டை, நியாயத்துக்கு முரணாகாதவரை, நீதிமன்றம் மதித்து நடத்தும் என்று அளவுகோல் காட்டியது.

அந்த அளவுகோலே நமக்கும் போதும். கட்டாயம் இன்றி எழுதியதா? உள்ளதை மறைக்காமல் எழுதியதா? இரு தரமும் தனித்தனி ஆலோசனை பெற்றதா? எளியவரை வறுமையில் தள்ளாமல் இருக்கிறதா? நான்கு கேள்விக்கும் விடை நேராயின், அந்த உடன்பாடு செல்லும் என்று 7-ஏ பிரிவுக்குத் துணையாக ஒரு பிரிவு எழுதத் தமிழ்நாடு முன்வரட்டும். பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கை 1989-இல் வழங்கி, 2005-இல் இந்தியா முழுமைக்கும் வழிகாட்டிய நாடு இது. முன்செல்வது நமக்குப் புதிதன்று.

சட்டம் வரும்வரை? அந்த இளைஞர்க்கு ஆறாம் விதியை அடித்துவிட்டு, ஐந்தை எழுதிக்கொடுத்தேன். எது நீதிமன்றத்தில் நிற்கும், எது மனச்சான்றில் மட்டும் நிற்கும் என்று ஓரத்தில் குறித்தும் கொடுத்தேன். இருவரும் படித்துப் பார்த்தே கையொப்பமிட்டார்கள்.

தோழர்களே! 1928-இல் தொடங்கி 1967 வரை 39 ஆண்டுகள், செல்லாது என்று சொல்லப்பட்ட திருமணத்தை நம் முன்னோர் செய்துகொண்டே இருந்தார்கள். சட்டம் வந்த பிறகு அவர்கள் மணக்கவில்லை. அவர்கள் மணந்ததால் சட்டம் வந்தது! சீர்திருத்தத் திருமண மேடைகளில் இனி வாழ்த்துரைக்கு முன் அன்பளிப்புப் பட்டியலைப் படியுங்கள், மணமக்கள் கையொப்பமிடட்டும். வீடு வாங்கும்போது இருவர் பெயரையும் எழுதுங்கள். உழைப்பில் பங்கு கொண்டவர் பெயர் பத்திரத்திலும் பங்கு கொள்ளட்டும். வாழ்க்கையை ஒப்பந்தம் என்று உலகுக்கு உரைத்தவர்கள் நாம். அதை எழுதிக் காட்டும் கடமையும் நம்முடையதே!